ஞாயிற்றுக்கிழமைத் துடுப்பு

கோர்ட்டில் யாருக்கு நாற்காலி போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும். வக்கீல் வைக்க வேண்டாம், சாட்சி தேட வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் அண்ணனுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

வழக்கு இதுதான். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஆளுங்கட்சியின் கொடிமரம் ஒன்று இருந்தது. தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரோ அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். 'யாரோ' என்பது மரியாதைக்கு எழுதுவது. எங்கள் கட்சியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளவட்டங்கள் என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். எங்கள் கட்சி அப்போது எதிர்க்கட்சி. மரம் சாய்ந்ததும் இரண்டு பக்கமும் கூட்டம் கூடி, கல், கட்டை, செருப்பு என்று கையில் கிடைத்ததை வைத்து ஜனநாயகம் வளர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவருக்குப் பின்னாலிருந்து அடி விழுந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

அவர் என் அண்ணனின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கடலுக்குப் போனவர்கள். ஒருவர் வலை விட்டால் மற்றவர் துடுப்பு வலிப்பார். அந்த மணிக்கட்டு போனதோடு அவருடைய கடலும் போயிற்று.

அவரை அடித்தது என் அண்ணன் என்று போலீஸ் எழுதியது.

பதினொரு பேர் மேல் வழக்கு. பெயர்ப் பட்டியலை ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டிலேயே தயார் செய்து கொடுத்துவிட்டதால் போலீசுக்கு அதிக சிரமம் இல்லை, பார்த்து எழுதினால் போதும். அண்ணன் பெயர் மூன்றாவது. கோர்ட்டுப் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். அண்ணன் மூன்றாம் எதிரி. அவன் பெயரைச் சேர்த்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. முந்தின வாரம் இவர்கள் இருவரும் கட்டுமரத்தில் உட்கார்ந்துகொண்டு கட்சி பேசியிருக்கிறார்கள். நாலு பக்கமும் தண்ணீர், பேச வேறு ஆளில்லை. பேச்சு முற்றி, "இன்னொரு வார்த்த பேசினே, கடல்ல தள்ளிவுட்டுப் பூடுவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். கரைக்கு வந்ததும் கூட்டாளி அதை நாலு பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கேட்ட நாலு பேரில் வட்டச் செயலாளரும் ஒருவர்.

உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அப்போது ஐஸ் கம்பெனியில் வேலை செய்தேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கரையிலேயே ஐஸ் பாரை உடைத்து மீன் பெட்டியில் கொட்டுகிற வேலைக்குப் போய்விட்டேன். ஐஸோடு யாரும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் வீட்டில்தானா அண்ணன் அன்று பார்த்துச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும்? அவன் அடிக்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆண் சாட்சி நான். இன்னொரு சாட்சி என் மனைவி. "பொம்பளை சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணையில அழுதுடுவாங்க" என்று வக்கீல் சொன்னார். அவள் அழுகிற ஆளே இல்லை. அவளைக் கூப்பிட்டிருந்தால் நீதிபதிதான் அழுதிருப்பார்.

வக்கீலை எங்கள் கட்சி ஏற்பாடு செய்து கொடுத்தது. நல்ல மனிதர். நகரத்தின் தென்பக்கத்துக்காரர். கடலைக் காற்று வாங்கும் இடமாக மட்டும் பார்த்தவர்.

அந்தக் கோர்ட்டில் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி கிடந்தது. முதல் வாய்தாவிலேயே கவனித்தேன். ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் உள்ளே வந்ததும், டவாலி அணிந்த சேவகர் ஓடிப்போய் அதைத் துண்டால் தட்டிப் போட்டார். வட்டச் செயலாளர் உட்கார்ந்தார். நீதிபதி மேலிருந்து அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இரண்டு பேருக்கும் பழக்கம். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரே மேடையில் இருந்தார்கள். படம் பத்திரிகையில் வந்திருந்தது. நீதிபதி கழுத்தில் மாலை, மாலைக்குப் பின்னால் வட்டச் செயலாளரின் சிரிப்பு.

நீதிபதி எங்கள் பதினொரு பேரையும் பார்த்து, "எந்த ஏரியா?" என்று கேட்டார். வக்கீல் சொன்னார். "ஓ, கொடிமரம் வெட்டுற ஊரா?" என்றார். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவதும் ஒரு நல்ல குணம்தானே.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி உடனே வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஜனங்களுக்கு டாக்டரோ, வாத்தியாரோ, பாதரோ, யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகத் தெரியாது. அடுத்த தடவை நாங்கள் வக்கீல் ஆபீசுக்குப் போகும்போது அண்ணியும் கூட வந்தாள்.

"ஏன் நைனா, அந்த ஜட்ஜய்யா வூட்டுக்கு ஒரு வஞ்சிரம் குடுத்தனுப்பட்டா? நல்ல பெருசா, முழுசா."

வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஐயோ, அம்மா! அதெல்லாம் செஞ்சா உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க. அதுவுமில்லாம, அவர் சைவம்."

அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. வாசல் வரை வந்து என்னிடம் கேட்டாள்: "சைவக்காரங்களுக்கு இன்னாத்தக் குடுத்து நாயம் கேக்கறது?"

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. ஆளுங்கட்சிக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

அடுத்து, கூட்டாளி கூண்டில் ஏறி சாட்சி சொன்னார். வலது கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டிருந்தார். அரசாங்க வக்கீல் கேட்கக் கேட்க, அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: சம்பவ தினம் சாயங்காலம் மூன்றாம் எதிரி கடலிலிருந்து கரையேறி வந்தார், கையில் துடுப்பு இருந்தது, கொடிமரம் பக்கம் கூட்டத்தைப் பார்த்ததும் ஓடி வந்து அந்தத் துடுப்பால் அடித்தார்.

வராந்தாவில் ஜன்னலோரம் நின்றிருந்த எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை கரையேறினால் துடுப்பைக் கழுவிச் சுவரில் சாத்திவிடுவார்கள். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் கறிச்சோறு, அப்புறம் தூக்கம். திங்கட்கிழமை வரைக்கும் துடுப்பைத் தொட மாட்டார்கள். மீன் கரையிலேறி வந்து கூப்பிட்டாலும் போக மாட்டார்கள். அதிலும் அந்தக் கட்டுமரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் இதே கூட்டாளி. அவர் தெருமுனையில் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தால் அண்ணன் யாரோடு கடலுக்குப் போயிருப்பான்?

"ஞாயித்துக்கெயம கடலுக்குப் போனானாம்!" என்று ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"எழுதிக் குடுத்த ஏட்டு எந்த ஊருக்காரன்டா?"

"அவ்ளோதான் மாமு, கேசு பூட்ச்சு. ஜட்ஜே உள்ளுக்குள்ள சிரிச்சுகினுதான் இருப்பாரு."

கோர்ட்டு கலைந்ததும் எல்லோரும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் போண்டா தின்றோம். அண்ணன் இரண்டு போண்டா தின்றான். அவனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் மனத்தாங்கல். "ஏன்டா, அவன் வாயால அப்டி சொல்லிட்டானே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். வழக்கு முடிந்துவிட்டது என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை.

எங்கள் வக்கீலும் அன்று குறுக்கு விசாரணை செய்திருந்தார். எதிரி என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார், தெருவிளக்கு எரிந்ததா, கொடிமரம் எத்தனை அடி உயரம் என்று முக்கால் மணி நேரம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அவரிடம் யாரும் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது வக்கீலிடம் போய்ச் சொல்வார்களா? உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நாங்கள் நினைத்தோம். எங்களுடைய உலகம் கல்மண்டபத்தில் ஆரம்பித்துக் காசிமேட்டில் முடிகிறது என்பது அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வக்கீல் ஆபீசில் அண்ணனிடம் அவர், "கேஸ் கொஞ்சம் வீக்காத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் போட வாய்ப்பு இருக்கு" என்றார்.

அண்ணன் திகைத்துப்போனான். "இன்னா வக்கீலய்யா, அன்னிக்கே அவன் பொய் சொல்லி மாட்டிகினானே? ஞாயித்துக்கெயம எவன் கடலுக்குப் போவான்?"

வக்கீல் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "போக மாட்டாங்களா?"

"போவ மாட்டோம்."

"யாருமே?"

"யாருமே."

"அவரும் உங்க ஆள்தானே, அவருக்கும் தெரியுமா?"

"பூசையில எனக்கு மின்னாடி பெஞ்சில குந்திகினு இருந்தவன், அவனுக்குத் தெரியாதா?"

வக்கீல் இரண்டு கையாலும் நெற்றியில் அடித்துக்கொண்டார். சத்தம் வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கே கேட்டிருக்கும். "இதை ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றான் அண்ணன். அதுதான் உண்மை.

கூட்டாளியை மறுபடி கூண்டுக்குக் கூப்பிட்டு அந்த ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று வக்கீல் மனுப் போட்டார். நீதிபதி படித்துப் பார்த்தார். "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார். தள்ளுபடி. ஆக, மிஞ்சியது நான். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தையும், அண்ணன் என் வீட்டில் தூங்கியதையும் நான்தான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் ஐஸ் உடைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐஸிடம் தடுமாறாமல் சொன்னேன்.

கூண்டில் ஏறினதும் முதலில் கண்ணில் பட்டது நாற்காலி. அதில் வட்டச் செயலாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு" என்றார் நீதிபதி.

அண்ணன் தூங்கியதைச் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எங்கள் வக்கீல் கேட்க, "ஞாயித்துக்கெயம யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க, சாமி" என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, கடலுக்கு வார லீவா?"

சிரிப்பு எழுந்தது. கோர்ட்டில் யாரும் சிரிக்கக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நீதிபதி சிரிக்க வைத்தால் அது கணக்கில்லை.

"பூட்டு போட்டுப் பூட்டிடுவாங்களா? சாவி யார்கிட்ட இருக்கும்?"

"பூட்டுலாம் இல்ல, சாமி. வயக்கம்."

"கெஜட்ல வந்திருக்கா?"

"கெஜட்டுன்னா இன்னா சாமி?"

இந்தத் தடவை நாற்காலியே சிரித்தது. எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. அரசாங்க வக்கீல் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். ஆமாம், இல்லை என்று தலையாட்டினேன். எதற்கு ஆமாம், எதற்கு இல்லை என்று எனக்கே ஞாபகம் இல்லை. நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டே, சத்தமாகப் படித்தார்: சாட்சி தடுமாறுகிறான், கோர்ட்டின் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறான், சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தவன் போல் தோன்றுகிறது.

நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தே அப்படிப் பேசியதில்லை. ஆனால் அதைச் சொல்ல அங்கே வழியில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை வைத்து, "வுடுடா" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு வக்கீல் ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். இந்த நீதிபதி ஓரவஞ்சனையாக நடக்கிறார், வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும் என்று மேல் கோர்ட்டில் மனு. பத்திரிகைப் படத்தை ஒட்டி, கொடிமரம் வெட்டுகிற ஊர் என்று சொன்னதை எழுதி, கடல் லீவு விஷயத்தையும் எழுதினார். நாற்காலியையும் சேர்க்கச் சொன்னேன். நாற்காலி சட்டத்தில் வராது என்றார்.

மேல் கோர்ட்டுக்காரர்கள் நியாயவான்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவு செய்ய மாட்டார்கள். மனுவை எங்கள் நீதிபதிக்கே அனுப்பி, நீங்கள் ஓரவஞ்சனை செய்கிறீர்களா என்று விளக்கம் கேட்டார்கள். அவர் நன்றாக யோசித்துப் பார்த்து, இல்லை என்று எழுதி அனுப்பினார். மனு தள்ளுபடி ஆயிற்று. வழக்கு மறுபடி அவரிடமே வந்தது. இப்போது அவருக்கு எங்களைப் பற்றி ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

அண்ணன் ஜெயிலுக்குத் தயாராகிவிட்டான். அண்ணியின் தம்பி கட்டுமரத்தைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. "உள்ள போறது பெருசு இல்லடா. இந்தக் கையில அவன் கைய ஒடச்சேன்னு எழுதிப்புடுவாங்களே" என்று கையை விரித்துக் காட்டினான். "நாளிக்கு வெளிய வந்து அவன் மூஞ்சில எப்டி முழிக்கறது?"

இப்படி இருக்கும்போது தேர்தல் வந்தது. ஆட்சி மாறிவிட்டது.

எங்கள் கட்சி கோட்டைக்குப் போயிற்று. எங்கள் தெருவில் மூன்று நாள் யாரும் தூங்கவில்லை. அதே இடத்தில் புதுக் கொடிமரம் நட்டார்கள், பழையதைவிட ஆறடி உயரம். நான் மட்டும் அடுத்த வாய்தாவுக்கு நாற்காலியைப் பார்க்கப் போனேன்.

சேவகர் துண்டால் தட்டிப் போட்டார். எங்கள் கட்சியின் வட்டச் செயலாளர் உட்கார்ந்தார். நீதிபதி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதே அளவு, ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை. பழைய வட்டச் செயலாளர் வராந்தாவில் தூணோரம் நின்றார். அரசாங்க வக்கீல் மாறிவிட்டார். புதியவர் எங்கள் வக்கீலின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நீதிபதி எங்கள் பதினொரு பேரையும் பார்த்து, "நிக்கணும்னு இல்லை, பெஞ்சில உட்காருங்க" என்றார். ஒரு வருஷமாக நின்ற கால்களுக்கு அந்த பெஞ்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. "ஜட்ஜு நல்ல மன்சன்பா. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்" என்றார்கள். ஓரவஞ்சனை மனு எழுதிய வக்கீலும் அப்படியே சொன்னார்.

எனக்கு அன்று எங்கிருந்தோ கொஞ்சம் துணிச்சல் வந்தது. "ஏன் வக்கீலய்யா, இதுவும் அதேதானே?" என்று கேட்டேன்.

"எது?"

"ஓரவஞ்சனை."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "உனக்கு உங்க அண்ணன் வெளியே வரணுமா, வேண்டாமா?" என்றார். வர வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனும் ஒன்று கேட்டான். "இப்பவாவது அவனைக் கூண்டில ஏத்தி அந்த ஒரு கேள்வியக் கேளுங்க. அவன் வாயால 'இல்ல'ன்னு சொல்லட்டும்."

"அதெல்லாம் இப்போ தேவையே இல்லை" என்று வக்கீல் சிரித்தார். "எல்லாம் நல்லபடியா முடியும். கூப்பிட்டு எதையாவது கெடுத்துக்காதே."

தீர்ப்பு நாளில் கோர்ட்டு நிறைய எங்கள் கட்சித் துண்டுகள். நீதிபதி இங்கிலீஷில் படித்தார். வக்கீல் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். கடலோர மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிக்கச் செல்வதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக இருந்துவரும், அனைவரும் அறிந்த வழக்கம். இதை அறியாமல் புனையப்பட்ட வழக்கு, கட்டப்பட்ட நாளிலேயே சரிந்துவிட்டது. மூன்றாம் எதிரியின் தம்பி கூண்டில் காட்டிய தயக்கம், படிப்பு வாசனை இல்லாத ஓர் எளிய மனிதனின் கள்ளமற்ற தன்மைக்குச் சான்று. மூன்றாம் எதிரியைப் பற்றிச் சொன்னது பொய் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொன்னதையும் நம்புவதற்கில்லை. பதினொரு பேரும் விடுதலை.

கடலுக்குத் தேர்தலுக்கு முன்னால் லீவு கிடையாது, பின்னால் உண்டு. என்னுடைய தடுமாற்றமும் அப்படித்தான். அது எந்த இடத்திலும் ஒரு எழுத்து மாறவில்லை, பார்த்தவருக்குத்தான் மாறியிருந்தது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கள்ளமற்றவன் என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு உள்ளே இனித்தது. வக்கீலிடம் அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். யாரும் அதற்கு முன் என்னைப் பற்றி இங்கிலீஷில் எதுவும் எழுதியதில்லை.

கொடிமரத்தை வெட்டிய இரண்டு பேரும் அந்தப் பதினொன்றில் இருந்தார்கள். அவர்களும் குற்றமற்றவர்கள் ஆனார்கள். வழக்கு நடந்த அத்தனை மாதத்திலும் கூட்டாளியை உண்மையில் யார் அடித்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவ்வளவு வேலை நெருக்கடி.

பாண்டு மேளம் வைத்து லாரியில் ஊர்வலம் போனார்கள். அண்ணன் கல்மண்டபத்திலேயே இறங்கிவிட்டான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி லாரியிலேயே போட்டுவிட்டு, நேராகக் கூட்டாளியின் வீட்டுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன்.

கூட்டாளி வாசலுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு கோணலாகவே சேர்ந்துவிட்டிருந்தது. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"வா மாமு. மேளம் இன்னா அதுக்குள்ள நின்னுபோச்சு?" என்றார் கூட்டாளி.

"மச்சான், நான் அடிக்கல."

"அதான் ஜட்ஜே சொல்ட்டாரே."

"அவரு கெடக்கறாரு. நீ சொல்லு."

அவர் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "நான் பாக்கல. பின்னாலேர்ந்து வுழுந்துச்சு. ஆசுபத்திரில கண்ணு முழிச்சா எங்க வட்டச் செயலாளரு நிக்கறாரு, நீதான்னு சொல்றாரு. மின்ன வாரந்தான் நீ என்னைக் கடல்ல தள்றேன்னு சொன்னே."

"அது கட்சிப் பேச்சுடா!"

"துடுப்பு, கடலு எல்லாம் அவுங்க எழுதினது. அது பொய்யின்னு எனக்குத் தெரியும், சொன்னது என் தப்புதான். ஆனா நீ அடிச்சியா இல்லியான்னு எனக்குத் தெரியாது. உன் தம்பி சொன்னான். தம்பி சொல்லாம இன்னா பண்ணுவான்? கோர்ட்டு இருக்குதே, தோண்டித் துருவிக் கண்டுபுடிச்சு சொல்லும்னு நெனச்சேன்."

"சொல்லிச்சே, மச்சான்."

"எப்போ சொல்லிச்சு? உன் ஆளுங்க கோட்டைல போயி குந்தின அப்பறம் சொல்லிச்சு. எங்க ஆளு இருந்தப்ப ஒரு ஜட்ஜு உன்னை வுட்ருந்தா, நான் அன்னிக்கே ஓடியாந்து உன் கையப் புட்ச்சிருப்பேன்."

அண்ணன் திரும்பி வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் காலையில் அவன் என்னை இழுத்துக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போனான். அங்கே லட்டு கொடுத்தார்கள். அண்ணன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "வக்கீலய்யா, அப்பீல் போடணும்" என்றான்.

"எதுக்கு?"

"கேசை முதல்லேர்ந்து விசாரிக்கச் சொல்லி. வேற ஜட்ஜு. யார் அடிச்சான்னு கண்டுபுடிக்கட்டும்."

வக்கீல் என்னைப் பார்த்தார். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் மூளை கலங்கிவிட்டதா என்று கேட்பது போல. "யோவ், உன்னை விடுதலை பண்ணியிருக்கு. விடுதலையானவன் அப்பீல் போட முடியாது. கவர்மெண்டுதான் போடலாம். கவர்மெண்டு இப்போ யாரு?"

"நாமதான்."

"அப்புறம்?"

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எந்தக் காரணம்னு எழுதறதாம், அதையும் சொல்லச் சொல்லுங்க சார்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். அவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை என்று தெரிந்தது. "ஓரவஞ்சனைன்னு எழுதுங்க" என்றேன். குரல் சரியாகவே வந்தது. "எங்க பக்கமா."

யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. "லட்டு சாப்பிடுங்க" என்றார் வக்கீல்.

அந்த நீதிபதி அப்புறம் மேலே மேலே போனார். அவர் ஓய்வு பெற்றபோது இரண்டு கட்சிக்காரர்களும் பாராட்டிப் பேசினார்களாம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேரையுமே அவர் கைவிட்டதில்லை, அவரவர் முறை வந்தபோது.

அப்பீல் கேட்ட அன்று சாயங்காலமே அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி கூட்டாளி வீட்டுக்குப் போனான். "அப்பீல் போட முடியாதாம்" என்றான்.

கூட்டாளி சிரித்துவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "நெசமாவே போயி கேட்டியா?"

"தம்பியக் கேளு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நம்பவும் முடில மாமு, நம்பாமயும் இருக்க முடில" என்றார். "நீ வந்துகினே இரு. பாப்போம்."

அண்ணன் போய்க்கொண்டே இருந்தான். வேலை இல்லாத நாட்களில் பீடிக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போவான், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான், வருவான். சில நாள் என்னையும் கூட்டிப்போவான். உள்ளே அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியிலேயே நின்றுகொள்வேன். ஒரு நாள் கூட்டாளியின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு எப்பவும் வெளிய நிக்கிறே? உள்ள வந்து குந்தேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.